'பிரேக்கிங் பேட்' துணுக்குகளைப் பகிரும் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம்தான் ஜெஸ்ஸி பிங்க்மேன் என்ற பாத்திரத்தைச் சாவிலிருந்து காப்பாற்றியது என்ற துணுக்கை இனிமேல் பகிராதீர்கள். முதல் சீசன் முடிவில் ஜெஸ்ஸியைச் சாகடிப்பது தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனின் தொடக்கத் திட்டம் என்பது உண்மை. 2007 நவம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தத்தால் 9 எபிசோடுகள் 7 ஆனதும் உண்மை. இரண்டையும் முடிச்சுப் போடுவதுதான் தவறு. ஜெஸ்ஸியாக நடித்த ஆரன் பாலின் நடிப்பைப் பார்த்து, இரண்டாவது எபிசோடு எடுக்கும் காலத்திலேயே மனம் மாறிவிட்டதைக் கில்லிகனே பிற்பாடு விளக்கியிருக்கிறார். ஒரு நடிகர் உழைத்துப் பெற்ற இடத்தை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

நாயகன் வால்டர் ஒயிட்டாக பிரையன் க்ரான்ஸ்டன் தேர்வான விஷயத்திலும் காரணத்தைச் சேர்த்தே சொல்லுங்கள். தொடரை ஒளிபரப்பிய ஏஎம்சி சேனலின் அதிகாரிகளுக்கு க்ரான்ஸ்டன் என்றால் 'மால்கம் இன் தி மிடில்' தொடரின் கோமாளி அப்பாதான். அவர்களுடைய தயக்கத்தைப் போக்க, 1998இல் தான் எழுதிய 'எக்ஸ்-ஃபைல்ஸ்' எபிசோடான 'டிரைவ்'-ஐக் கில்லிகன் போட்டுக் காட்டினார். அதில் க்ரான்ஸ்டனுக்கு வெறுப்பைக் கக்கும் மனிதர் வேடம். அப்படியிருந்தும் பார்ப்பவர்கள் அவருக்காக இரங்க வேண்டும். வால்டருக்கும் தேவைப்பட்டது அதுவே. நடிகர் தேர்வை நடத்திய ஷேரன் பயாலி, ஷெர்ரி தாமஸ் இருவரின் பெயரையும் இனியாவது குறிப்பிடுங்கள்.

தற்செயல் நிஜமாகவே புகுந்த இடம் மைக் என்ற பாத்திரம். இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடில் ஜெஸ்ஸியின் காதலி ஜேன் இறந்தபின் தடயங்களை அகற்ற வர வேண்டியவர் வக்கீல் சால். சாலாக நடித்த பாப் ஓடன்கர்க்குக் கால்ஷீட் இடித்தது. 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடருக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். அந்த ஒரு காட்சிக்காக உருவாக்கிய பாத்திரத்துக்கு ஜோனதன் பாங்க்ஸ் வந்தார். அங்கேகூட, அவரை அதோடு அனுப்பிவிடாமல் வைத்துக்கொண்டது எழுத்தாளர்களின் முடிவு.

கதைக்களம் முதலில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு. நியூ மெக்ஸிகோ அரசு தந்த 25 சதவீதச் சலுகைக்காகப் படப்பிடிப்பு அங்குள்ள ஆல்புகர்க்கி நகருக்குப் போனது. கிழக்கே கேமராவைத் திருப்பினால் சாண்டியா மலை தெரியும்; மறைத்து மறைத்து எடுப்பதைவிடக் கதையையே அங்கே மாற்றினார்கள்.

வால்டர் கோபத்தில் வீசி, வீட்டுக் கூரையில் விழுந்த பீட்சா முதல் டேக்கிலேயே அமைந்தது. அந்த வீட்டில் உண்மையாகவே ஒரு குடும்பம் வாழ்ந்துவந்தது. அங்கே பீட்சா வீச வேண்டாம் என்று ரசிகர்களைக் கில்லிகனே கேட்டுக்கொண்ட பிறகும் தொல்லை ஓயாததால், 2017இல் வேலி போட வேண்டியதாயிற்று. இந்தத் துணுக்கைப் பகிரும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்; முகவரியைப் போடாதீர்கள்.

அன்புடன்,
சக ரசிகர்கள்