அலுமாரிக்குள் பூட்டிய புத்தகங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஒக்டோபர் வாசிப்பு மாதம் வந்தால் ஆண் பிள்ளைகள் புத்தகம் தொடுவதில்லை என்ற முறைப்பாடு எங்கள் மட்டக்களப்புப் பாடசாலைகளிலும் கேட்கிறது. பின்னடைவு உண்மைதான். பல நாடுகளின் 15 வயது மாணவர்களின் திறனை ஒப்பிடும் சர்வதேசப் பரீட்சையான பீசாவின் 2018 மதிப்பீட்டில் பங்குபற்றிய எல்லா நாடுகளிலும் 15 வயதுப் பெண் பிள்ளைகளே வாசிப்பில் முன்னின்றார்கள். ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு) நாடுகளின் சராசரி இடைவெளி 30 புள்ளிகள். கதைகளைப் பெண் பிள்ளைகளும், செய்தித்தாள், சித்திரக்கதைகளை ஆண் பிள்ளைகளும் கூடுதலாக வாசிப்பதையும் பீசா முன்னரே காட்டியது.

இனி நமது நூலகத்தைப் பாருங்கள். இரவல் கொடுக்கும் தட்டில் நீதிக் கதைகளும் பரீட்சை வழிகாட்டிகளும். மீன், பாம்பு, இயந்திரம், கிரிக்கெட் பற்றிய படப் புத்தகங்கள் விலை கூடியவை என்பதால் 'உசாத்துணை' (நூலகத்திலேயே பார்ப்பதற்கு மட்டும்) என்று முத்திரை குத்தி அலுமாரிக்குள் பூட்டப்படுகின்றன. உழவு இயந்திரத்தின் பாகங்களைப் பெயர் சொல்லி அடுக்கும் பிள்ளை இரவல் எடுக்க ஒன்றுமில்லை! அவற்றுக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு, முதுகை நாடாவால் ஒட்டி, மூன்று நாள் இரவல் கொடுத்தால் போதும், கிழிந்தால் ஒட்டலாம்.

'ஆண்களுக்கு' என்று தனித் தட்டு மட்டும் வைக்க வேண்டாம். விஞ்ஞானம் விரும்பும் பெண் பிள்ளை அந்தப் பக்கம் வரவே கூச்சப்படுவாள். கதையும் தகவலும் கலந்து 25 புத்தகங்களை அட்டை தெரிய மேசையில் பரப்புங்கள். ஒரு பாடவேளையில் தெரிவுக்கு 5 நிமிடம், மௌன வாசிப்புக்கு 20 நிமிடம். வாசித்ததும் சுருக்கம் எழுதச் சொன்னால் அடுத்த கிழமை மிக மெல்லிய புத்தகத்தைத்தான் எடுப்பார்கள். பிடித்த ஒரு பக்கத்தைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டச் சொல்லுங்கள்.

எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளைக்குப் பிடித்த புத்தகம் மட்டும் உதவாது. கெ, கே, கொ, கோ தடுமாறும் தரம் 6 மாணவனை வகுப்பின் முன் உரத்து வாசிக்க விட்டால் அவன் புத்தகத்தையே வெறுப்பான். பந்தியை முதல்நாளே கொடுத்து, தினமும் 10 நிமிடம் ஆசிரியர் அருகிலிருந்து வாசிப்பிக்க வேண்டும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வேளாண்மை வெட்டுக் காலத்தில் வகுப்புக்கு வராத பையன்களுக்குப் புத்தகத்தை வீட்டுக்கே அனுப்புவது நல்லது.

இரவல் பதிவேட்டில் தரம், ஆண்/பெண், நூல் வகை என்ற மூன்று நிரல்களைச் சேர்த்தால் ஒரு தவணையிலேயே எது வெளியே போகிறது, எது தூசி பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். வலயக் கல்வி அலுவலகங்கள் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி, அடுத்த நூல் கொள்வனவை அதன்படி செய்ய வேண்டும்.

நூலகப் பொறுப்பாசிரியர்கள் சிலர்,
பட்டிருப்பு வலயம்.