2024ஆம் ஆண்டறிக்கை: வட்டச் சுற்றும் மலையோரச் சாலையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இத்தாலியின் ஃபொலிஞ்யோவில் இயங்கும் நம் சைக்கிள் சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா, காப்பீடு, சட்டை அளவு பற்றிய கேள்விகளையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். செயற்குழுவில் இந்த ஆண்டு மிகுதியாக விவாதித்தது நம் வட்டச் சுற்றைப் பற்றித்தான். அதனால் நானும் அதைப் பற்றியே பேசுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக வழியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து கிளம்பித் தெற்கே திரெவி, கம்பெல்லோ, ஸ்பொலேட்டோ. அங்கிருந்து பள்ளத்தாக்கைக் குறுக்கே கடந்தால் மேற்கு மேட்டில் மொண்டேஃபால்கோ. இறங்கினால் பெவாஞ்யா, கன்னாரா. அப்புறம் அசிசிக்கு ஏறி, ஸ்பெல்லோ வழியாக வீடு. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்.

ஸ்பொலேட்டோவையும் அசிசியையும் இணைக்கும் சைக்கிள் பாதை பள்ளத்தாக்கின் அடியில், சமதளத்தில், வண்டித் தொல்லை இல்லாமல் போகிறது. மலையோரச் சாலையை விட்டுவிட்டு அதிலேயே போகலாமே என்று சில உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தார்கள். முழங்கால் வலிப்பவர்களுக்கும் பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் அது நல்ல பாதை, மறுக்கவில்லை. அவர்கள் அதில் வந்து ஸ்பொலேட்டோவில் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் சங்கத்தின் சுற்று மேலேயே போக வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. அந்த முடிவை முழு மனதோடு ஆதரித்தவன் நான்.

காரணம் ஆலிவ் தோப்புகள். அசிசி முதல் ஸ்பொலேட்டோ வரை மலைச்சரிவில் ஒரு பட்டையாக ஓடும் இந்தத் தோப்புகளை, உலக அளவில் முக்கியமான வேளாண் மரபாக ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 2018இல் ஏற்றுக்கொண்டது. கீழே இருந்து பார்த்தால் வெள்ளிப் பச்சை நிறம் மட்டும்தான் தெரியும். மேலே திரெவி ஏற்றத்தில் சின்ன கியரில் மெதுவாக மிதிக்கும்போதுதான் சுவர்கள் கண்ணில் படும். சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி, படிப்படியாக மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மரங்களில் பெரும்பாலானவை மொராயோலோ என்ற ஆலிவ் வகை. காய் சிறியது, எண்ணெய் கசந்து தொண்டையில் காரம் ஏறும். பல மரங்கள் ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகளாகப் பிரிந்து நிற்கும். 1956 பிப்ரவரி உறைபனியில் மேல்மரம் பட்டுப்போய், வேரிலிருந்து மறுபடி துளிர்த்தவை அவற்றில் உண்டு. திரெவிக்குக் கீழே பொவாராவில் நிற்கும் மரத்துக்கு 1,700 வயது இருக்கும் என்கிறார்கள். நம் அணி அங்கே எப்போதும் நிற்கும், இனியும் நிற்கும்.

மே 10 அன்று இத்தாலியைச் சுற்றி வரும் ஜிரோ சைக்கிள் பந்தயத்தின் தனிநபர் நேரப் போட்டி நம் ஊரிலிருந்தே பெருஜியாவுக்குக் கிளம்பியது, 40.6 கிலோமீட்டர். சமதளம் முழுக்க இத்தாலிய வீரர் கன்னாதான் வேகம். கடைசி ஏற்றத்தில் ஸ்லோவேனிய வீரர் பொகாச்சர் அதைப் புரட்டிப் போட்டு 17 வினாடி வித்தியாசத்தில் வென்றார். சாலையோரம் தொண்டை வறளக் கத்திய அனைவருக்கும் நன்றி.

ஜூன் 2 ஞாயிறு சுற்றில், ஸ்பெல்லோ தெருக்களில் பூக்கோலத் திருவிழா. அதனால் சைக்கிள்களை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தே போனோம். ஊர்களில் நிற்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்று அன்று பலரும் சொன்னார்கள், சரியான யோசனை. கம்பெல்லோ பக்கத்தில் கிளிட்டுன்னோ சிறுகோயில் சாலையை ஒட்டியே இருக்கிறது. 2011 முதல் அது யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. வருஷக்கணக்காக அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறோம். மொண்டேஃபால்கோவில் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் பெனோட்ஸோ கோட்ஸோலி 1452இல் முடித்த சுவரோவியங்களைப் பார்க்காத உறுப்பினர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். வரும் ஆண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஊரில் ஒரு மணி நேரம் நிற்போம். பெடலில் மாட்டும் ஷூவோடு பழைய கல்தரையில் நடக்க வேண்டாம், ஒரு ஜோடி செருப்பு எடுத்து வாருங்கள்.

அக்டோபர் சுற்றில் மழைக்குப் பின் ஒரு சுவர் சரிந்து, கல்லும் மண்ணும் வளைவில் கிடந்தன. நம் உறுப்பினர் ஒருவர் அதில் சறுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். இப்போது நலமாக இருக்கிறார், இன்று வந்தும் இருக்கிறார். சாலைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதிவிட்டோம். பதில் வரவில்லை, மூன்றாம் கடிதம் தயார்.

ஆனால் அந்தச் சுவர் ஏன் சரிந்தது? மேலே தோப்பைக் கவனிக்க ஆளில்லை. முட்புதர் ஏறி, நீர் வடியும் வழி அடைத்துப் போயிருக்கிறது. அந்தச் சரிவில் டிராக்டர் ஏறாது. ஏணியும் வலையும் காய் உதிர்க்கும் கைச்சீப்பும்தான். வயதானவர்கள் விட்டுவிட்டால் தோப்பு காடாகிவிடும். அதனால் நவம்பரில் ஒரு ஞாயிறு சுற்றை நிறுத்திவிட்டு, திரெவி சரிவில் ஒரு முதிய தம்பதியின் தோப்பில் காய் பறித்தோம். மாலையில் கூடைகளோடு எண்ணெய் ஆலைக்குப் போய், சுட்ட ரொட்டியில் பூண்டு தேய்த்து, புது எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டோம். இந்த ஆண்டு நாம் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நாள்தான்.

2025 நவம்பரில் இரண்டு ஞாயிறுகளை அறுவடைக்கு ஒதுக்க வேண்டும், கல் அடுக்கத் தெரிந்த ஒருவரை வசந்த காலத்தில் அழைத்து நமக்குக் கற்றுத்தரச் செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வர விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கையுறையும் பழைய உடையும் உங்களுடையது, ஏணியை நான் ஏற்பாடு செய்கிறேன்.

செயலாளர்