வட்டாரப் பெயர் என்ற இடத்தில் கோடு போடாதீர்கள்

தாவரவியல் துறை ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும்,

வணக்கம். மழை ஓய்ந்த ஒரு காலையில், உங்களில் ஒரு மாணவி வரப்பில் செடி சேகரித்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீண்ட காம்பின் நுனியில், நடுவில் மஞ்சளும் ஓரத்தில் வெளிர் நிறமுமாக ஒரு சிறு பூ. கைபேசியில் படம் எடுத்ததும் 'டிரைடாக்ஸ் புரொகம்பென்ஸ்' என்று அறிவியல் பெயர் வந்தது, 'கோட் பட்டன்ஸ்' என்று ஆங்கிலப் பெயரும் வந்தது. இரண்டையும் எழுதிக்கொண்டார். 'வட்டாரப் பெயர்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

பத்தடி தள்ளிக் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா அதே செடியைத்தான் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டேன். "வெட்டுக்காயப் பூண்டு" என்றார். அரிவாள் பட்டால் இலையைக் கசக்கிச் சாறு பிழிவோம் என்று காரணமும் சொன்னார்.

அந்தக் கோடு இன்னும் என்னை உறுத்துகிறது.

அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த செடி அது. கலைச்சொல் குழு எதற்கும் காத்திராமல் நம் மக்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். காயத்துக்குப் பிழிந்தவர்களுக்கு அது வெட்டுக்காயப் பூண்டு. கிணற்று மேட்டில் பார்த்தவர்களுக்குக் கிணற்றடிப் பூண்டு. பூவில் நகையைக் கண்டவர்களுக்கு மூக்குத்திப் பூ. காம்பைச் சுண்டித் தலையைத் தெறிக்கவிட்டு விளையாடிய பிள்ளைகளுக்குத் தாத்தாப் பூ. யார் எந்த வேலையாக அதன் அருகே போனார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

செங்காந்தளைப் பாருங்கள். மாநில மலர் என்று அந்த ஒரு பெயரைப் பள்ளியில் சொல்லித் தருகிறோம். ஆனால் மண்ணைக் கிளறிக் கிழங்கைப் பார்த்தவர்கள் அதைக் கலப்பைக் கிழங்கு என்றார்கள். அதன் வளைவு கலப்பையேதான். இலை நுனி சுருண்டு கொழுகொம்பைப் பற்றுவதைப் பார்த்தவர்கள் தலைச்சுருளி என்றார்கள். பூக்கும் மாதத்தை வைத்துக் கார்த்திகைப் பூ என்பவர்களும் உண்டு. கிழங்கு, இலை, பருவம் என்று மூன்றும் பெயர்களிலேயே பதிந்திருக்கின்றன. ஓரிதழ்த்தாமரை இன்னும் துல்லியம். அந்தப் பூவைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால்தான் மற்ற இதழ்கள் மிகச் சிறியவையாய் ஒடுங்கியிருப்பது தெரியும். பெரிதாய் விரிந்து நிற்பது ஒன்றே. பூண்டோடு பூண்டாய்க் கிடக்கும் அந்தச் சிறு பூவை யாரோ குனிந்து பார்த்திருக்கிறார்கள்.

வட்டாரப் பெயர்கள் குழப்பும் என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். உண்மைதான். வெள்ளையும் மஞ்சளுமாக இரண்டு கரிசலாங்கண்ணிகள் இருக்கின்றன, இரண்டும் வெவ்வேறு பேரினங்கள். ஆனால் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கக்கூடிய இடம், செடியை உலர்த்தி ஒட்டி விவரம் எழுதிவைக்கும் உங்கள் உலர்தாவரத் தாள்தான். அங்கே செடியும் பெயரும் ஊரும் ஒன்றாக இருக்கும்.

அப்படி ஒன்றாக வைக்காததன் இழப்பை நாம் அறிவோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். அவற்றில் சில எந்தச் செடியின் பூ என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பெயர் தங்கியது, செடி கைநழுவிவிட்டது. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற மலபார்த் தாவர நூலிலோ, இட்டி அச்சுதன் போன்ற வைத்தியர்கள் சொன்ன பெயர்கள் செடிகளின் படங்களோடு சேர்ந்தே அச்சாயின. அதனால் 300 ஆண்டுகள் கழித்தும் இந்தப் பெயர் இந்தச் செடிக்குரியது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. அங்கே வேலை செய்பவரிடம் கேளுங்கள். அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள். 'கிணத்தடிப்பூடு' என்று சொன்னால் அதைத் திருத்தாதீர்கள், மருத்துவ நூலில் இருக்கும் பெயரை அதன் மேல் ஏற்றாதீர்கள். ஊர், நாள், சொன்னவரின் வயது, தொழில் ஆகியவற்றையும் குறியுங்கள். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். பெயருக்குக் காரணம் சொன்னால் அதையும் ஒரு வரியில் சேருங்கள். ஆசிரியர்களே, அந்த இடம் காலியாக வரும் தாளை வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

அன்று வரப்பில் சேகரித்த செடி இந்நேரம் உலர்ந்து தாளில் ஒட்டப்பட்டிருக்கும். அந்த மாணவி இதைப் படித்தால், கோட்டை அடித்துவிட்டு 'வெட்டுக்காயப் பூண்டு' என்று எழுதிக்கொள்ளட்டும். சொன்னவரின் தொழில்: களையெடுப்பு. வயதை நானும் கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த முறை போகும்போது அந்த மாணவிதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
செடிகளின் பெயர்களைக் குறித்துவைக்கும் ஒருவர்