பிபி பார்க்கிறீர்கள், மனசையும் கேளுங்கள்

சென்னை மாநகராட்சி பொது சுகாதாரத் துறையினருக்கு,

வணக்கம். குறைமாசத்தில் குழந்தை பிறந்தாலோ கரு கலைந்தாலோ நம் ஊரில் முதலில் வந்து விழுகிற வார்த்தை, "நீ ரொம்ப டென்ஷன் ஆயிட்ட, அதான்." என் தங்கைக்கும் இதைத்தான் சொன்னார்கள், அதுவும் அவள் பிள்ளை இன்குபேட்டரில் இருக்கும்போது.

அதில் எவ்வளவு உண்மை? ஆபீஸில் ஒரு நாள் சண்டை போட்டதாலோ ஒரு ராத்திரி அழுததாலோ பிள்ளை முன்கூட்டியே பிறந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். ஆனால் மாதக்கணக்கில் நீளும் மனஉளைச்சல், கணவனின் அடி, யாரும் கவனிக்காத மனச்சோர்வு என்று வாழும் பெண்களுக்கு 37 வாரத்துக்கு முன் பிரசவமாவதும் எடை குறைந்த குழந்தை பிறப்பதும் ஓரளவு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மனஉளைச்சலில் கூடும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் இதற்கு ஒரு வழி என்கிறார்கள். சாப்பாடும் தூக்கமும் கெட்டு, செக்-அப்புக்கே வராமல் போவது இன்னொரு வழி, இங்கே அதுதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்து பிக்மி நம்பர் வாங்கியதிலிருந்து தங்கைக்கு எடை பார்த்தார்கள், பிபி பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், எல்லாம் சரி. வீட்டில் நிம்மதியாக இருக்கியாம்மா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது.

1987-இல் வந்த எடின்பரோ அளவுகோலில் வெறும் 10 கேள்விகள்தான், கடந்த ஏழு நாள் மனநிலையைப் பற்றியவை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்காக உருவாக்கியது, கர்ப்பிணிகளிடமும் பயன்படுத்துகிறார்கள், தமிழிலும் சரிபார்க்கப்பட்ட வடிவம் இருக்கிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஒரு தடவையாவது இதைக் கேட்கச் சொல்லுங்கள். மாமியாரையும் கணவரையும் வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்க வேண்டும், அவர்கள் எதிரில் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். அடி வாங்குகிறாளா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும், அந்தப் பத்தில் அது இல்லை.

கேட்டால் மட்டும் போதாது. மதிப்பெண் அதிகமாக வந்தால் அன்றே யாரிடம் அனுப்புவது என்று நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் 14416 எண்ணை ஒவ்வொரு கர்ப்பிணியின் அட்டையிலும் அச்சடிக்கலாமே. அப்புறம், பிரசவ வார்டில் வேலை பார்ப்பவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: குறைமாசத்தில் பெற்றவளிடம் "டென்ஷன்" என்று காரணம் சொல்லாதீர்கள்.