காசுக்கு மலையேறும் ஸ்பிரிண்டர்கள்: விளையாட்டு நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் ஆன்லைன் சைக்கிள் பந்தய டீம் மேனேஜர் ஆட்டத்தில், காசுக்கு வாங்கும் காயினைக் கொடுத்து வீரர்களின் திறனை ஏற்றும் வசதிக்கு இருந்த உச்சவரம்பை இந்த சீசனோடு எடுத்துவிட்டீர்கள். அதைப் பற்றிப் பலரும் உங்களுக்கு எழுதியாகிவிட்டது. நான் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் டீமில் ஒரு மலையேற்ற வீரன் இருக்கிறான். 17 வயதில், மலையேற்றத் திறன் 52 புள்ளியோடு இளையோர் அணியிலிருந்து எடுத்தேன். ஏழு சீசன்! காலையில் பல் தேய்க்கும் முன் அவனுக்குப் பயிற்சி போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. சோர்வு ஏறினால் ஜெயிக்கக்கூடிய பந்தயத்திலும் உட்கார வைத்தேன். அப்படி அரைப் புள்ளி, கால் புள்ளியாக 81 வரை வந்தான்.

ஞாயிறன்று பந்தயம் ஆல்ப் டுயெஸில், அதாவது டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பேர்போன பிரான்ஸ் நாட்டு மலைப்பாதையில். 13.8 கிலோமீட்டர் ஏற்றம், 21 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் 21 என்று தொடங்கி, மேலே போகப் போக வளைவின் எண் குறையும். ஏழாம் வளைவில், அதாவது நிஜப் பந்தயத்தில் நெதர்லாந்து ரசிகர்கள் ஆரஞ்சு உடையில் கூடும் இடத்தில், என் பையன் 40 நொடி முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். நான்காம் வளைவில் ஒருவர் அவனைத் தாண்டிப் போனார். யாரென்று தட்டிப் பார்த்தால் 83 கிலோ ஸ்பிரிண்டர், அதாவது சமதளப் பந்தயத்தின் கடைசியில் வேகமெடுத்து ஜெயிக்கும் வகை வீரர். சனிக்கிழமை இரவு வரை அவருடைய மலையேற்றம் 49. ஞாயிறு காலையில் 88. நிஜத்தில் ஸ்பிரிண்டர்கள் இந்த மலையில் கடைசிக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, நேர வரம்புக்குள் வந்து சேர்ந்தாலே பெரிய விஷயம்.

காசே கூடாது என்று நான் சொல்லவில்லை. சர்வர் சும்மா ஓடாது. நானும் சந்தா கட்டித்தான் ஆடுகிறேன். ஒரு வீரனுக்கு ஒரு சீசனில் இத்தனை புள்ளிதான் காசால் ஏற்றலாம் என்று வரம்பு வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி டெக்ரான்ஜ், 1930இல் எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சைக்கிளைக் கொடுத்து ஓட்டவைத்தார். கியர் மாற்றும் கருவியை 1937 வரை உள்ளே விடவில்லை. பிடிவாதக்கார மனிதர், அந்த அளவுக்கு நீங்கள் போக வேண்டாம். ஆனால் இன்றைக்கும் எவ்வளவு பணக்கார டீமாக இருந்தாலும் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் கீழே போக முடியாது. பணம் வைத்திருப்பவர் நல்ல வீரரை வாங்கலாம். ஸ்பிரிண்டரை ஒரே ராத்திரியில் மலையேற்ற வீரராக்க முடியாது.

உங்கள் கடையில் அதுவும் முடிகிறது. அடுத்த அப்டேட்டில் 500 காயினுக்கு மலையையே சமதளமாக்கித் தருவீர்களோ என்னவோ. புகார் அனுப்பினால் நாலு நொடியில் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வருகிறது. அந்த நாலு நொடியில் யார் படித்தார்கள்? பந்தயத்தின் கடைசி கிலோமீட்டரில் திரையை மறைக்கும் விளம்பரத்தைப் பற்றி எழுதினாலும் அதே நன்றிதான்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அந்த வரம்பைத் திரும்ப வையுங்கள். அது எத்தனை புள்ளி என்பதை அடுத்த சீசனுக்கான பதிவு தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள். என் பையனுக்கு 24 வயதாகிவிட்டது. உங்கள் ஆட்டத்தின் கணக்குப்படி அவன் உச்சத்தில் இருக்கப்போவது இன்னும் மூன்று சீசன்தான்.

இப்படிக்கு,
ஏழு சீசனாக ஆடிவரும் ஒரு டீம் மேனேஜர்