துவிச்சக்கரவண்டிப் போட்டி வர்ணனையாளருக்கு ஒரு பாராட்டு, ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பகுதியில் நடந்த சித்திரைப் புத்தாண்டு துவிச்சக்கரவண்டி ஓட்டப் போட்டியின் முடிவுகளை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பார்த்தேன். முதல் மூன்று இடங்களைப் பெற்ற பிள்ளைகளின் பெயரும் அவர்களின் தேயிலைத் தோட்டமும் பிழையில்லாமல் வந்திருந்தன. மகிழ்ச்சி. அன்று நடந்த இன்னொரு விஷயம் செய்தியில் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் மலையகத்து ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்துப் போட்டிகளுக்கு நீண்ட காலமாக நேர்முக வர்ணனை செய்துவந்த பெரியவர், பரிசளிப்பு முடிந்ததும் மைக்கை வாங்கி, "அடுத்த வருசம் என்னைக் கூப்பிட வேணாம். கண் முந்தி மாதிரி இல்ல. இலக்கத்த மாத்திச் சொல்லிட்டா அந்தப் பிள்ளைக்குச் செய்ற அநியாயம்" என்று சொல்லி விடைபெற்றுக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. அப்புறம் பாட்டைப் போட்டார்கள், எல்லோரும் கலைந்துவிட்டார்கள். தன் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் அவர் பக்கத்தில் நேரக்கணிப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். அவர் செய்த வேலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

கிரிக்கெட் வர்ணனையாளருக்கு மைதானம் முழுவதும் கண்முன்னே இருக்கிறது. சைக்கிளோட்டத்தில் அப்படியில்லை. முடிவுக்கோட்டருகே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் புறப்பாட்டைப் பார்ப்பார், முடிவைப் பார்ப்பார், நடுவில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. ஹட்டனில் புறப்பட்டவர்கள் கொட்டகலையைத் தாண்டி, பத்தனைச் சந்தியைத் தாண்டி, டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கத்து வளைவுகளில் வரும்போது தலவாக்கலையில் நிற்கும் சனத்துக்கு அதை எப்படிக் காட்டுவது? போன் வராத காலத்தில் அண்ணன் பஸ் கொண்டக்டர்களை நம்பினார். பஸ் வந்து நின்றதும் மூன்றே கேள்விதான் கேட்பார். முன்னுக்கு எத்தனை பேர்? எந்தெந்த இலக்கம்? பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு தூரத்தில்? போன் வந்த பிறகு சந்திக்குச் சந்தி ஒரு பொடியனை நிறுத்தினார், கேள்விகள் மாறவில்லை. கொட்டகலையில் நாற்பது செக்கன் இடைவெளி, பத்தனையில் இருபத்தைந்து செக்கன் என்றால் கடைத்தெருவுக்கு வருமுன்னே பிடித்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்வார். சொன்னால் சொன்னபடி நடக்கும். சனம் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

பிரான்ஸில் 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் போட்டியில், இடைவெளியைக் கரும்பலகையில் எழுதி ஓட்டுநர்களிடம் காட்டுவதற்கென்றே மோட்டார் சைக்கிளில் ஒருவர் போவார். அந்தப் போட்டியின் ஒலிபெருக்கிக் குரலாக 1974 முதல் 2014 வரை இருந்தவர் டானியல் மாஞ்ஜா. எந்த ஓட்டுநர் எந்த ஆண்டில் எந்தப் போட்டியை வென்றார் என்பதை நினைவிலிருந்தே அடுக்கிச் சொல்லுவதில் பேர்பெற்றவர். அவர் ஓய்வு பெற்றபோது பிரெஞ்சுப் பத்திரிகைகள் அதைச் செய்தியாக்கின. அந்த மரியாதையில் ஒரு பங்கு நம்மவருக்கும் கிடைக்கட்டும் என்பது என் ஆசை.

வர்ணனை வாய்ச்சாமர்த்தியம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதில் முக்கால்வாசி முந்தின நாள் வேலை. அண்ணன் இலக்கம் கொடுக்கும் மேசைக்கே போய்விடுவார். பிஸ்கட் பெட்டி மட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளையின் இலக்கம், தோட்டம், தோட்டத்தில் எந்த டிவிஷன், யாருடைய சைக்கிளை வாங்கி வந்திருக்கிறான், சட்டை என்ன நிறம் என்று எழுதுவார். பெயரை அந்தப் பிள்ளை வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்பார். சிங்களப் பிள்ளைகளின் நீண்ட பெயர்களையும் இரண்டு தரம் கேட்டு, உச்சரிப்பைத் திருத்திக்கொள்வார். மறுநாள் மழையில் நனைந்து, சேறு படிந்து, இலக்கத்துண்டு பாதி கிழிந்து வரும் ஒருவனை, தோள் ஆடுகிற விதத்தை வைத்தே அடையாளம் சொல்வார். மகனின் பெயரும் தன் டிவிஷனும் ஒலிபெருக்கியில் சரியாக வந்து விழுவதைக் கேட்ட தாய்மாரின் முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்டத்தைப் புரியவைப்பது அடுத்த வேலை. ஒருவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து கடைசியில் முந்தினால் நம்மவர்கள் "கள்ளன்" என்று கூச்சல் போடுவார்கள். அண்ணன் பொறுமையாக விளக்குவார்: முன்னால் போகிறவன் காற்றை உடைக்கிறான், பின்னால் வருகிறவனுக்குப் பாரம் குறைகிறது, அதனால்தான் ஆள் மாற்றி ஆள் முன்னுக்கு வர வேண்டும். ஏற்றத்தில் வேகம் குறைவதால் அந்த உதவியும் குறைந்துவிடும், அங்கேதான் உண்மையான பலம் தெரியும். மலைநாட்டுப் பாதையில் இதைவிட முக்கியமான பாடம் இல்லை.

1987ஆம் ஆண்டு டூர் போட்டியில் லா பிளான் மலையேற்றத்தை ஆங்கிலத் தொலைக்காட்சி வர்ணனையாளர் பில் லிகெட் வர்ணித்ததை இன்றும் பேசுகிறார்கள். மொத்த நேரத்தில் முன்னணியில் இருந்த மஞ்சள் சட்டைக்காரர் டெல்காடோவுக்கு வெகு பின்னால் விடப்பட்ட ஸ்டீபன் ரோச்சைக் கமராக்கள் காட்டவேயில்லை. முடிவுக்கோட்டருகே திடீரென்று ஒருவர் வருகிறார். அது ரோச் என்பதை லிகெட் அந்தக் கணத்திலேயே கண்டு கத்தினார். டெல்காடோவுக்கும் அவருக்கும் வெறும் நான்கு செக்கன் வித்தியாசம். அந்த ஆண்டுப் போட்டியை ரோச்தான் வென்றார், நாற்பது செக்கனில். யாரை எதிர்பார்க்கவில்லையோ அவர் வந்தாலும் கண் பிடித்துக்கொள்ள வேண்டும். பனிமூட்டத்தில் போட்டி நடத்தும் நமக்கு இது நன்றாகப் புரியும்.

அண்ணனிடம் நான் அதிகம் மதிப்பது வேறொன்று. ஒருமுறை ஈரப் பாதையில் ஒரு பொடியன் வளைவில் விழுந்துவிட்டான் என்று போன் வந்தது. மைக் கையில்தான் இருந்தது. பெயரைச் சொல்லவில்லை. கூட்டத்தில் நின்ற தகப்பனை ஆள் விட்டு அழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, காயம் பெரிதில்லை என்று உறுதியான பிறகுதான் அறிவித்தார். அதுவரை அம்புலன்ஸுக்கு வழிவிடும்படி மட்டும் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சில இடங்களில் இப்போது நடப்பதைப் பார்த்தால் மனம் நோகிறது. ஓட்டம் நடக்கும்போதே பாட்டு, அனுசரணையாளர் விளம்பரம், "வாராங்க, வாராங்க" என்ற சத்தம். யார் வருகிறார் என்று கடைசிவரை தெரியாது. இளைஞர்கள் மேல் குற்றமில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தமிழில் இது முடியாத காரியமா? சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் ஆகியோரின் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அப்துல் ஜப்பார் 2020இல் மறைந்தார். அவர்கள் கிரிக்கெட்டுக்குச் செய்ததை மற்ற விளையாட்டுகளுக்கும் செய்ய ஆள் வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அண்ணனைச் சந்தித்து, அவர் வேலை செய்த முறையை ஒரு கட்டுரையாகப் பதிவு செய்யுங்கள். அந்த மட்டைகளைச் சாக்கில் கட்டி வீட்டுப் பரணில் வைத்திருக்கிறார், படமெடுத்துப் போடலாம். பாடசாலை அதிபர்களுக்கும் ஒரு சொல்: இல்ல விளையாட்டுப் போட்டிகள் தை, மாசியில் தொடங்கிவிடும். நன்றாகப் பேசுகிற பிள்ளையைவிட நன்றாகக் கவனிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரைத் தெரிவு செய்து, ஆண்டிறுதி விடுமுறையில் அவரிடம் அனுப்புங்கள். சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேட்டேன். சரி, ஆனால் பென்சிலும் மட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தலவாக்கலை.