அக்காவுக்கு, 27 ஆண்டுகள் கழித்து

அன்புள்ள அக்கா,

அம்மாவின் திதியன்று வாசலில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. நாலு பேர் படிக்கும் இடம் என்பதால் அந்தப் பேச்சு முழுவதையும் இங்கே எழுதவில்லை. "ஒரு கடிதம் போட உனக்குக் கை வலித்ததா?" என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் பிழையில்லாமல் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு. அவளைப் பரிசோதித்த உளவியலாளர், இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதுண்டு என்று சொல்லி, என்னையும் சோதித்துப் பார்த்தார். எனக்கும் டிஸ்லெக்சியா. 47 வயதில் தெரிகிறது.

1998இல் கோவை லேத் பட்டறையிலிருந்து நான் போட்ட இன்லண்ட் கடிதம் நினைவிருக்கிறதா? அம்மாவின் கண் சிகிச்சைக்குப் பணம் 'கொடுத்தேன்' என்று எழுத நினைத்து 'கெடுத்தேன்' என்று எழுதியிருந்தேன். ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால், கால் பின்னால், ஒலி மட்டும் ஒன்று. எனக்கு எப்போதும் கால் நழுவிவிடும். நீங்கள் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் 'பத்து முறை எழுதவும்' என்று குறித்து, அதே கடிதத்தை உறையில் வைத்துத் திருப்பி அனுப்பினீர்கள். விளையாட்டாகத்தான் செய்திருப்பீர்கள். அதன் பிறகு கடிதம் எழுத நான் பேனாவைத் தொடவில்லை.

தவறு என்னுடையதுதான். தொலைபேசியிலாவது சொல்லியிருக்கலாம். அம்மா படுக்கையில் கிடந்தபோது நீங்கள் தனியாக நின்றீர்கள். மன்னித்துவிடுங்கள்.

பரீட்சைக்கு முந்தைய இரவுகளில் அடுப்படியில் உட்கார்ந்து வரலாற்றுப் பாடத்தை நீங்கள் உரக்க வாசிப்பீர்கள். காதால் கேட்டுத்தான் நான் பத்தாம் வகுப்பைத் தாண்டினேன். அந்தக் குரல் இல்லையென்றால் நான் இல்லை.

ஆனால் அக்கா, நீங்கள் தமிழாசிரியை. 1896இலேயே ஓர் ஆங்கில மருத்துவர், வாசிக்க முடியாமல் தவித்த 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறாராம். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் இவன்தான் பள்ளியிலேயே கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். என் ஆசிரியர் என் வீட்டிலேயே இருந்தார். அவர் என்னைச் 'சோம்பேறி' என்றார்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதையும் சேர்த்திருக்கிறார்கள். மகளுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். எனக்கு அது வேண்டாம். அவளுக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டும், அந்தக் குரலில்.

இதைக் கைப்பேசியில் பேசித்தான் எழுதினேன். மனைவி சரிபார்த்தாள்.

அந்த இன்லண்ட் கடிதம் திரும்பி வந்த அன்றிரவே, நீங்கள் சொன்னபடி 'கொடுத்தேன்' என்று பத்து முறை எழுதினேன். கடைசி மூன்றில் கால் சரியாக விழுந்திருக்கிறது. அனுப்ப மனம் வரவில்லை. தாள் இன்னும் பெட்டியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது எடுத்து வருகிறேன்.

உங்கள் தம்பி